பன்னிரண்டு நொடிச் சேலை

ஜூன் 10, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திருச்செங்கோட்டிலிருந்து போன். சம்பந்தியம்மா ருக்குமணி. "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பிக்கிற போனில் நல்ல சேதி கேட்டவர்கள் உண்டா? நித்திலா பால் காய்ச்சும்போது கேஸ் அடுப்பில் முந்தானை பட்டுத் தீப்பிடித்துவிட்டதாம். உடனே அணைத்தாயிற்றாம். லேசான காயமாம்.

பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். மாத்திரை போட்டுத் தூங்குகிறாள் என்றார்கள். அவளுடைய போன் ஒரு மாதமாக ரிப்பேர். மாப்பிள்ளை சபரீசன் ஆழ்துளை போடுகிற ரிக் வண்டியோடு வெளியூரில் போர் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவரும் எடுக்கவில்லை.

இன்றைக்கு ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலைக்கு இன்டர்வியூ. போன வாரம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ரகசியமாகச் சொல்லியிருந்தாள். பிசியோதெரபி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றாள். பாவம், அதுவும் போயிற்று.

சாயங்காலம் இவர் உரக்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் சொன்னேன். "அடுப்படின்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும், கோதை. கல்யாணமாகி ஆறு மாசந்தானே ஆச்சு, பழகிக்குவா" என்றார். தீயோடு பழகிக்கொள்வாளாம். பெரிய கண்டுபிடிப்பு.

என் ஆத்திரமெல்லாம் அந்தச் சேலைமேல்தான். பாலியஸ்டர். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் சனியன். கரூரில் இருபத்தாறு வருஷமாகத் திரைத்துணி மில் லேப்பில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் திரையெல்லாம் வெளிநாட்டு ஹோட்டலுக்குப் போகிறது. எவனோ ஒருத்தன் சிகரெட்டும் கையுமாகத் தூங்கிப்போனாலும் எங்கள் திரை பற்றாது. என் பெண் பால் காய்ச்சினால் பற்றுகிறது.

அது விபத்து. விபத்து என்று சொன்னார்கள். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

நூல் சேலை ஆறு வாங்கினேன். சாயம் போகாததாக, கரை அகலமில்லாததாகப் பார்த்து. ஆறிலும் முந்தானை ஓரத்தில் உள்பக்கமாகப் பச்சை நூலில் ஒரு தையல் போட்டேன். லேப் துணிக்கு நாங்கள் போடும் அடையாளம்.

ஒரே தடவையில் ஓட்டுகிற துணி ஒரு லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் முன்னால் ரோலரில் ஒரு வீண்துணியைத் தைத்து ஓட்டுவோம். மருந்து சரியாக ஏறுகிறதா, சூடு சரியாக இருக்கிறதா என்று அந்தத் துணியில் தெரிந்த பிறகுதான் நல்ல துணி உள்ளே போகும். என்ன கெட்டாலும் முன்னால் போகிற துணிதான் கெடும். இன்றைக்கு வீண்துணிக்குப் பதில் ஆறு சேலையையும் முனையோடு முனை தைத்துக் கொடுத்தேன். மெஷின் ஓட்டுகிற சகாயராஜ், "என்னங்க மேடம், ஹோட்டல்காரன் சேலை கட்டறானா?" என்றார். "ஆமா, கட்டிட்டு மாவாட்டறான். நீங்க ஓட்டுங்க" என்றேன். முதலாளியிடம் முன்பே சொல்லிவிட்டேன், ஒளிவு மறைவில்லை.

மருந்து என்று நாங்கள் சொல்வது பாஸ்பரஸும் யூரியாவும் சேர்ந்த ஒரு கூட்டு. அதில் தோய்த்து, உலர்த்தி, அமோனியா ரூமுக்குள் விட்டால் நூலுக்குள்ளேயே பாஸ்பரஸும் நைட்ரஜனும் கைகோத்து வலைபோல் இறுகிவிடும். பாஸ்பரஸ் தனியாக இருந்தால் பாதி வேலைதான் செய்யும். நைட்ரஜன் தனியாக ஒன்றுக்கும் ஆகாது. சேர்ந்தால்தான் உண்டு. தீப்பட்டதும் துணியைக் கரியாக்கிவிடும். பருத்தியிலிருந்து எரிகிற வாயு கிளம்ப விடாது. கரி பற்றாது, தீ பசித்துச் சாகும்.

வேடிக்கை என்னவென்றால் தீப்பெட்டிப் பக்கவாட்டில் உரசுகிற செம்மருந்தும் பாஸ்பரஸ்தான். அணைத்த தீக்குச்சி கங்கில்லாமல் கருத்துப் போகிறதே, அந்தக் குச்சியை ஊறவைப்பது அமோனியம் பாஸ்பேட்டில். இவர் கடையில் டி.ஏ.பி. என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். முப்பது வருஷமாகத் தீயணைக்கிற சரக்கை விற்கிறார். வீட்டில் ஒரு தீயை அணைக்கத் தெரியவில்லை.

அலசி அலசிக் கை வெளுத்துவிட்டது. சரியாக அலசாவிட்டால் தோலில் அரிக்கும்.

ஜூன் 14, வெள்ளி

உள்முந்தியில் ஒரு பட்டை வெட்டிச் சோதித்தேன். துணியை நெட்டுக்குத் தொங்கவிட்டு அடி ஓரத்தில் பன்னிரண்டு நொடி தீ வைக்க வேண்டும். அதுதான் விதி. தீயை எடுத்ததும் அணைந்தது. ஒரு விரல் நீளம் கரி, அவ்வளவுதான். லேப்பில் யாருமில்லை. கையைத் தட்டிக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

திருச்செங்கோடு போய் வந்தோம்.

ஊருக்கெல்லாம் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற வீடு. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணி. காபி வாயில் வைக்க முடியவில்லை. மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். வண்டி பழுதாகி ஒரு மாதமாக ஷெட்டிலேயே நிற்கிறது, தொழில் படுத்துவிட்டது என்றார். போன திங்கட்கிழமை வெளியூரில் போர் போட்டது எந்த வண்டியோ, நான் கேட்கவில்லை.

சேலைகளை எடுத்து வைத்தேன். ருக்குமணியம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, புதுப்பொண்ணுக்குக் கெழவி கட்டற நூல் சேலையா? எங்க வீட்ல துணிக்கா பஞ்சம்?" என்று சிரித்தார்கள். "வெயில் காலமுங்க, ஒடம்புக்கு நல்லதுங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான். எனக்கும் சிரிக்கத் தெரியும். அவர்கள் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. வெந்நீர் கொட்டிவிட்டதாம்.

நித்திலாவோடு ஐந்து நிமிஷம்தான் தனியாகக் கிடைத்தது, பின்கட்டில். காயத்தைக் காட்டச் சொன்னேன். சேலையைத் தூக்கினாள். இடது முழங்காலுக்குப் பின்புறம், கெண்டைக்கால் முழுக்க.

கேஸ் அடுப்பு இடுப்புயரத்தில் இருக்கிறது. சரி. பாத்திரத்தைக் கீழே வைத்துக் குனிந்திருப்பாள்.

"இந்தச் சேலையெல்லாம் தீப்பிடிக்காது கண்ணு. வீட்ல இருக்கறப்ப இதையே கட்டு. கஞ்சியும் பிளீச்சும் மட்டும் போடாதே" என்றேன். என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மா, நீ எதுக்கு இதைச் செஞ்சே?" என்றாள். "அடுப்படியில நிக்கறவ நீ, வேற எதுக்கு?" என்றேன். அதற்குள் ருக்குமணியம்மா காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் நன்றாகத் தூங்கினார்.

ஜூன் 27, வியாழன்

ஏற்றுமதி லாட் இரண்டு ரிஜெக்ட். நாள் முழுக்கச் சண்டை. வீட்டில் மிக்ஸி ரிப்பேர். அம்மியில் அரைத்தேன், தோள் விட்டுப்போயிற்று.

அவளிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. முதல் ஆடி, பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். முறைப்படி தட்டு வைத்துக் கூட்டிவந்துவிட்டோம். ஆடி முடிந்து ஆவணியில் அவர்கள் வந்து அழைத்துப் போவார்கள்.

இளைத்திருக்கிறாள். பாதி தோசையில் போதும் என்று எழுந்துவிட்டாள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெரு முழுக்கத் தேங்காய் சுடுகிற புகை. நாரை எடுத்து வழவழவென்று தேய்த்து, கண்ணைத் திறந்து, வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் போட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவது. சின்ன வயதிலிருந்து நித்திலாதான் இதில் முதல் ஆள். குச்சியை யாருக்கும் தர மாட்டாள், முகமெல்லாம் கரியோடு வந்து நிற்பாள்.

இன்றைக்கு வாசற்படியைத் தாண்டி வரவில்லை. "வா அம்மிணி, உன் தேங்காயை நீதான் சுடோணும்" என்று இவர் கூப்பிட்டார். வந்தாள். நெருப்புக்குப் பத்தடி முன்னால் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் புதுக்குச்சி பற்றவைக்கத் தீப்பெட்டியை உரசினார். அந்தச் சத்தத்துக்குச் சேலையை முழங்கால்வரை வாரிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தெருவே பார்த்தது.

அவள் தேங்காயை நான் சுட்டேன். ஓடு வெடித்து வெல்லப்பாகு நெருப்பில் வழிந்துபோயிற்று. நெருப்பின்மேல் கவனம் இல்லாவிட்டால் அப்படித்தான்.

கேஸ் அடுப்பில் சுட்டுக்கொண்டவள் தீக்குச்சிச் சத்தத்துக்கு ஏன் ஓட வேண்டும்? இன்றைக்கு இது போதும். தூக்கம் வருகிறது.

ஜூலை 18, வியாழன்

தூக்கம் வரவில்லை, அது வேறு கதை.

அவள் பெட்டியில் ஆறு சேலைக்கு இரண்டுதான் இருந்தது. மீதி நாலு எங்கே என்றேன். "அத்தை எடுத்து வெச்சுக்கிட்டாங்க" என்றாள். கெழவிச் சேலை என்று சிரித்தவர்களுக்கு நாலு சேலை கேட்கிறதாக்கும்.

இருந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. மொடமொடவென்று கஞ்சி. மில்லுக்கு எடுத்துப்போய்ப் பட்டை வெட்டித் தீ வைத்தேன். தீ அடியிலிருந்து நுனிவரை ஒரே ஏற்றம். கிளிப்பைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

காரணமெல்லாம் தெரியும். உப்புத் தண்ணியில் பார் சோப்பைப் போட்டால் சுண்ணாம்பும் கொழுப்புமாக நூலில் படியும், அதுவே எரியும். பிளீச்சிங் பவுடர் பாஸ்பரஸ்-நைட்ரஜன் பிணைப்பை அறுக்கும். அதற்கு மேல் கஞ்சி. கஞ்சி என்ன, சோறுதானே, அடுப்புக்கு விறகு மாதிரி. இவ்வளவு பாடுபட்டு நான் போட்ட வலையை ஒரு மாதத்தில் துவைத்தே கொன்றுவிட்டார்கள். வாஷிங் மெஷின் இருக்கிற வீட்டில் கல்லில் அடித்துத் துவைக்கிறாள் என் பெண்.

வந்து சத்தம் போட்டேன். "கஞ்சி போடாதேன்னு சொன்னேனா இல்லையா? பிளீச் போடாதேன்னு சொன்னேனா?" நித்திலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "அவருக்குக் கஞ்சி போட்டாத்தாம்மா பிடிக்கும். காலையில என்ன கட்டணும்னும் அவர்தான் எடுத்து வெப்பார்."

வெங்காயத்தை வாங்கி நானே உரித்தேன். கண் எரிய ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஜூலை 24, புதன்

இன்னும் எட்டு சேலை. பாவாடை, நைட்டி, தலையணை உறை, போர்வை எல்லாமே நூல். லாட்டுக்கு முன்னால் அத்தனையும் ஓடின. இந்தத் தடவை மருந்து அளவைக் கூட்டினேன். சகாயராஜ் எதுவும் கேட்கவில்லை. அமோனியா ரூமிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "பாப்பாவுக்குத்தானுங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு தடவை ஓட்டட்டுங்களா?" என்றார். ஓட்டச் சொன்னேன்.

வீட்டில் கொடி முழுக்க நூல் துணி தொங்குகிறது. இவர் குனிந்து குனிந்து நடந்து பார்த்துவிட்டு, "பொண்ணை அனுப்பறியா, மடத்துக்குத் துணி அனுப்பறியா?" என்றார். பேச வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மொத்தமாகப் பேசுவேன், அப்போது தாங்க மாட்டார்.

ஜூலை 29, திங்கள்

நித்திலாவை மில்லுக்குக் கூட்டிப்போனேன். பயம் போகட்டும் என்று. தன் கண்ணால் பார்த்தால் நம்பிக்கை வரும்.

பட்டையைத் தொங்கவிட்டேன். பர்னரைப் பற்றவைத்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. அடி ஓரத்தில் தீ வைத்தேன், பன்னிரண்டு நொடி. எடுத்தேன். அணைந்தது. கங்குகூட இல்லை. "பாத்தியா?" என்றேன்.

பக்கத்தில் வந்து கரியைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தனை நொடிம்மா?"

"பன்னெண்டு."

"அதுக்கு மேல வெச்சா?"

"யாரு கண்ணு அதுக்கு மேல வெச்சுக்கிட்டு நிப்பாங்க? தீப்பட்டா நீ நகர்ந்துற மாட்டியா?"

விரலில் ஒட்டிய கரியைத் துடைத்தாள். பிறகு சாதாரணமாக, மளிகைச் சாமான் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சா?"

லேப்பில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் தெரியும். இந்த மருந்து துணியைத்தான் எரியவிடாது, எண்ணெயை ஒன்றும் செய்யாது. எண்ணெய் தன்பாட்டுக்கு எரியும். உள்ளே இருப்பது என்னவானாலும் எரியும். துணி மட்டும் கரியாக, ஒழுங்காக, விதிப்படி நிற்கும்.

"அதுக்கு எங்ககிட்டச் சோதனை இல்லை" என்றேன்.

"ம்" என்றாள். "எனக்கு அதுதாம்மா தெரியணும்."

ஜூலை 30, செவ்வாய்

மில்லுக்கு லீவு. கொடியில் கிடந்த துணியை எல்லாம் மடித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றங்கரையில். நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் செய்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். நான் கேட்டேன். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜூன் பத்தாம் தேதி காலையில் இன்டர்வியூவுக்குப் புறப்பட்டிருக்கிறாள். ரோஸ் கலர் பாலியஸ்டர் சேலை. சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் தீப்பெட்டி உரசுகிற சத்தம். விளக்கேற்றத்தான் என்று நினைத்திருக்கிறாள். சபரீசன் குனிந்து சேலையின் அடிக்கரையில் குச்சியை வைத்திருக்கிறான். "இப்ப எப்படிப் போறேன்னு பாக்கலாம்" என்றானாம். கோபமாகக்கூட இல்லையாம்.

அணைத்தது ருக்குமணி. வெறுங்கையால். பிறகு கேஸ் அடுப்பு என்று எங்களுக்குப் போன் செய்ததும் அதே ருக்குமணி.

ஆடிக்குப் புறப்படும் முந்தின நாள், ஷெட்டில் இருந்த மண்ணெண்ணெய்க் கேனைக் காலால் தட்டிக் காட்டி, "உங்கம்மா ஊட்ல எதாச்சும் உளறுனா அடுத்த தடவை குச்சி மட்டும் இல்லை" என்றிருக்கிறான்.

மாப்பிள்ளை, அவர், வாங்க, போங்க என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இனிமேல் அவன்தான்.

சேலை வேலை முடிந்தது. இனி ஒரு சேலையும் மில்லுக்குப் போகாது. அவளும் அந்த வீட்டுக்குப் போக மாட்டாள். இதை இவரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆற்றிலிருந்து ஈர வேட்டியோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து, "நான் விக்கற மாதிரி சரக்கை வெச்சுத்தான் நீ அந்தப் புள்ளையைக் காப்பாத்திக்கிட்டு இருந்தியா?" என்றார். அழுதார். அழட்டும், நல்லதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெரியவர் வந்தார். இவருடைய அண்ணன் அவிநாசியப்பன், இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்த புண்ணியவான். அடுத்த ஞாயிறு ஆவணி இரண்டு, நல்ல நாள், அவர்கள் அழைக்க வருகிறார்கள் என்றார். பெண் வராது என்றேன்.

"கோதை, நீ படிச்ச புள்ளை. ஆம்பளைக்குக் கோபம் வர்றதுதான். தொழில் நொடிச்சுக் கெடக்குது. போயி அனுசரிச்சு இருந்தாச் செரியாப் போயிரும்."

"மாமா, கோபத்துல அறைஞ்சான்னாகூட அவளை அனுப்பமாட்டேன். இவன் கோபத்துல வெக்கலை. குனிஞ்சு, பாத்து, கரையில வெச்சிருக்கான். எங்க லேப்ல நாங்க வெக்கற மாதிரியே வெச்சிருக்கான்."

"ஊரு என்ன பேசும்?"

"ஊரு நல்லாப் பேசும் மாமா. பொணத்தைக் கொண்டாந்து போட்டா இன்னும் நல்லாப் பேசும்."

காபி குடிக்காமல் எழுந்து போனார். மிச்சம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பதினொரு மணிவாக்கில் வாடகைக் கார் வந்தது. சபரீசன், ருக்குமணி, முன்சீட்டில் பெரியவர். தட்டில் பூ, பழம், ஒரு பட்டுச்சேலை. இவர் வாசலில் நின்று "வாங்க" என்றார், வழக்கம் விடவில்லை. ஆனால் நாற்காலியை எடுத்துப் போடவில்லை. அதைக் கவனித்தேன்.

சபரீசன் தானே உட்கார்ந்தான். "நித்திலா ரெடியாயிட்டாளாங்க அத்தை? எமகண்டத்துக்கு முன்னாடி கெளம்பிரலாம்" என்றான். என்ன மரியாதை, என்ன மரியாதை.

"அவ வரமாட்டா."

பெரியவர் தொண்டையைச் செருமினார். சபரீசன் சிரித்தான். "அத்தை, அடுப்படியில ஒரு விபத்து. அதைப் பெருசு பண்ணி அவ மனசைக் கலைச்சுட்டீங்க."

லேப்பிலிருந்து ஸ்டாண்டும் கிளிப்பும் கொண்டுவந்திருந்தேன். டீப்பாய்மேல் வைத்தேன். ரோஸ் பாலியஸ்டரில் ஒரு பட்டை. நித்திலா அந்தச் சேலையின் மிச்சத்தைப் பெட்டி அடியில் மறைத்து எடுத்துவந்திருந்தாள். தொங்கவிட்டேன். எல்லாரும் பார்க்க நடுவில், இடுப்புயரம் இருக்கும் இடத்தில் தீக்குச்சியைக் காட்டினேன். தீ மேலேதான் ஏறியது. அடிப்பாகம் பற்றாமல் அப்படியே அறுந்து விழுந்தது.

"கேஸ் அடுப்புல முந்தானை பத்துனா இப்படித்தாங்க மாமா இருக்கும். மார்பும் கையும் வேகும். என் பொண்ணுக்கு வெந்தது முழங்காலுக்குப் பின்னாடி. தீ கீழே எறங்காதுங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட எறங்கி நான் பாக்கலை. அடியில வெச்சாத்தான் அங்கே வேகும். பின்னாடி நின்னு வெச்சாத்தான்."

சபரீசன் எழுந்தான். "என்னங்க இது, லேப் வித்தை காட்டறீங்களா?"

"சம்பந்தியம்மா," என்றேன் நான், அவனைப் பார்க்கவே இல்லை. "உங்க வலது உள்ளங்கையைக் கொஞ்சம் காட்டுங்க. அது வெந்நீர்க் காயமா, உருகுன பாலியஸ்டர் ஒட்டுன காயமான்னு பெரியவரே பாத்துச் சொல்லட்டும்."

ருக்குமணி கையைச் சட்டென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். அப்போதுதான் அந்தச் சேலையைப் பார்த்தேன். நூல் சேலை. சாம்பல் நிறம், மெல்லிய கரை. இழுத்த வேகத்தில் முந்தானை ஓரம் புரண்டு உள்பக்கம் தெரிந்தது. பச்சை நூல் தையல்.

பெண்ணை அழைக்க வருகிற நல்ல நாளில், தட்டில் பட்டு வைத்துக்கொண்டு, தான் இதைக் கட்டி வந்திருக்கிறார்கள். காரில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

அன்றைக்கு அவர்களுக்காக வைத்திருந்த வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. ஒரு வாரமாகப் பொறுக்கி எடுத்தவை. ஒன்றும் வாயில் வரவில்லை.

"சேலை உங்களுக்கு நல்லா இருக்குதுங்க," என்றேன். "கஞ்சி மட்டும் போடாதீங்க. பார் சோப்பும் வேண்டாம். போட்டா வேலை செய்யாது."

என்னைப் பார்த்தார்கள். கதவோரம் டம்ளரோடு நின்ற அதே பார்வை. அப்போது நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தேன்.

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துப் பெரியவர் முன்னால் நீட்டினார்கள். உள்ளங்கை நடுவில் தோல் ரோஸ் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது. "இவன் அப்பனும் இப்படித்தானுங்க," என்றார்கள். "செத்து எட்டு வருஷமாச்சு. செத்தப்புறந்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். இப்ப மறுபடியும் தூக்கமில்லைங்க."

"அம்மா, வாயை மூடு" என்றான் சபரீசன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கேஸ் அடுப்பு இல்லைங்க," என்றார்கள் பெரியவரிடம். "இவன்தான் வெச்சான். நான் பாத்தேன்."

அவன் அம்மாவைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தான். இவர் குறுக்கே வந்து நின்றார். வாழ்நாளில் ஒரு ஈயைக்கூட விரட்டாத மனுஷன். "உரக்கடைக்காரன்தான் நான். ஆனா இது என் வீடு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

பெரியவர் தட்டைத் தன் கையாலேயே எடுத்துக் காரில் வைத்தார். வாழைப்பழம் ஒன்று உருண்டு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

ருக்குமணியை இங்கேயே இருக்கச் சொன்னேன். தலையாட்டி மறுத்தார்கள். "ரெண்டு எருமை கெடக்குதுங்க, யாரு பாப்பாங்க?" என்றார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாக, "போலீஸ்ல எழுதிக் குடுக்கறதுன்னா எம்பேரையும் சேத்துக்குங்க" என்றார்கள். பெரியவர் அவனை முன்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அந்தம்மாவோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த அளவுக்காவது புத்தி வந்ததே.

நித்திலா அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள். ராத்திரி இரண்டாவது தோசைக்கும் தட்டை நீட்டினாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மகளிர் காவல் நிலையம். புகாரை நித்திலாவே எழுதினாள். எழுதுகிற பெண் போலீஸ், "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பாக்கலாமே" என்று ஆரம்பித்தார். ரோஸ் சேலையின் மிச்சத்தை மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு பேனாவை எடுத்தார். திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டார். ருக்குமணி சொன்னதையே சொன்னார்கள், மாற்றவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

நித்திலாவுக்கு ஈரோட்டில் வேலை. திங்கட்கிழமையிலிருந்து. அதே ஆஸ்பத்திரி. ஜூனில் இன்டர்வியூவுக்கு வராததற்குக் காரணம் கேட்டார்களாம், "தீக்காயம். விபத்து இல்லை" என்று மட்டும் சொன்னாளாம். வழக்கு நடக்கிறது. கைதாகி உள்ளே இருக்கிற அவன் ஜாமீன் கேட்டுக்கொண்டிருக்கிறான், கேட்கட்டும்.

மத்தியானம் ருக்குமணி போன் செய்தார்கள். குசலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க, அந்தச் சேலையை எதுல துவைச்சா நாள்பட வரும்?" என்றார்கள். வாங்கி வைத்த குடிதண்ணியில் அலசுங்க, தூள் சோப்பு போதும், பிளீச் ஆகாது, நிழலில் காயப்போடுங்க என்று வரிசையாகச் சொன்னேன். லேப்பில் புதுசாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது போல. "அப்படிப் பண்ணுனா எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க?" என்று கேட்டார்கள்.

"அவன் ஜாமீன்ல வர்ற வரைக்கும் தாங்கும்," என்றேன். "அதுக்கு மேல நான் உத்தரவாதம் தரமாட்டேன். எருமை ரெண்டையும் வித்துட்டுக் கரூர் பஸ் ஏறுங்க. இங்கே ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது."

அந்தப் பக்கம் எருமை கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சந்தை செவ்வாய்க்கிழமைதானுங்க" என்றார்கள்.

சாயங்காலம் நித்திலா புதுச்சேலை கட்டிக் காட்டினாள். வேலைக்குப் போகத் தானே கடைக்குப் போய் எடுத்தது. மஞ்சள், பூப்போட்டது, வழவழவென்று. தொட்டுப் பார்க்கவே வேண்டாம், பாலியஸ்டர். அதோடு நேரே அடுப்படிக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். தீப்பெட்டியை எடுத்தாள். கை கொஞ்சம் நின்றது. பிறகு உரசினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், குச்சியை ஊதி அணைத்தாள். கருத்துப்போன குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"என்னம்மா பாக்கறே? காபிக்குச் சர்க்கரை எத்தனை?" என்றாள்.

இரண்டு ஸ்பூன் என்றேன்.